ஃபார்மட் போடுவதற்கு முன்

வேலூரில் கணினி சரியில்லை என்று எந்தக் கடைக்கு எடுத்துச் சென்றாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, "ஃபார்மட் போட்டுடலாமா சார்?" என்று கேட்பதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. கணினி மெதுவாக ஓடினாலும், திடீரென்று அணைந்துபோனாலும், உலாவியில் விளம்பரங்கள் குதித்தாலும், பிரிண்டர் வேலை செய்யாமல் கிடந்தாலும் மருந்து அது ஒன்றுதான். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவினரும், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து உறவினர்களும் இவ்வகை உபாதைகளுக்கு என்னைக் கூப்பிடுவது பழக்கமாகிவிட்டதால், ஃபார்மட் போடப்பட்ட கணினிகள் பலவற்றை உள்ளே திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. பல வீடுகளில் ஃபார்மட் நோயைத் தீர்ப்பதில்லை, நோய் உள்ளே நுழையும் வாசலே அதுதான் என்பது அவற்றைப் பார்த்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

கடையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வன்தட்டைத் துடைத்துவிட்டு, கடைக்காரரிடம் இருக்கும் பென் டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவப்படுகிறது. அதற்குக் காசு கொடுத்து வாங்கிய உரிமம் இருக்காது. ஆகையால் 'ஆக்டிவேட்டர்' எனப்படும் ஒரு சிறு நிரலை ஓட்டுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் தங்களுடைய நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து உரிமம் வழங்குவதற்காக மைக்ரோசாஃப்ட் ஏற்படுத்திய 'கேஎம்எஸ்' என்ற முறை ஒன்று உண்டு. அதன்படி ஒவ்வொரு கணினியும் 180 நாட்களுக்குள் தன் நிறுவனத்தின் சர்வரிடம் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவேட்டர் செய்யும் வேலை, அப்படியொரு சர்வர் இருப்பதாகக் கணினியை நம்பவைப்பது. உரிமம் காலாவதியாகாமல் இருக்க அது அவ்வப்போது ஓடியாக வேண்டும் என்பதால், கணினிக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அதுவும் நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு. இப்படி ஒரு நிரலை விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் விட்டுவைக்காது. எனவே டிஃபெண்டரை அணைத்துவிடுகிறார்கள், அல்லது அதன் விலக்குப் பட்டியலில் அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிடுகிறார்கள். சில கணினிகளில் 'சி' டிரைவ் முழுவதையுமே விலக்குப் பட்டியலில் கண்டிருக்கிறேன். கணினிக்குள் வரும் எதையும் சோதிக்காதே என்று காவலுக்கு இருப்பதற்கே ஆணையிட்டுவிட்டு, அதன் பிறகு "வைரஸ் வந்துவிட்டது" என்று மறுபடியும் ஃபார்மட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

அந்த ஆக்டிவேட்டர் எங்கிருந்து வந்தது, வழியில் யார் அதற்குள் எதைச் சேர்த்தார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைமீட்பு நிரல்களில் வீட்டுக் கணினிகளை மிகுதியாகத் தாக்கிய 'ஸ்டாப்' என்னும் குடும்பம், பெரும்பாலும் கிராக் செய்யப்பட்ட, அதாவது உரிமப் பூட்டு உடைக்கப்பட்ட, மென்பொருள்களின் வடிவில்தான் பரவியது. திருமணப் படங்கள் எல்லாம் திறக்க முடியாத கோப்புகளாகிப் பெயருக்குப் பின்னால் புரியாத நான்கெழுத்து ஒட்டிக்கொண்டு நின்றதென்றால், அதற்குச் சில நாள் முன்பு அந்தக் கணினியில் எதையாவது இலவசமாகத் திறந்துகொள்ள முயன்றிருப்பார்கள் என்று ஏறக்குறைய நிச்சயமாக ஊகிக்கலாம்.

இத்தனையும் பெரும்பாலும் அநாவசியம் என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது. 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளின் மதர்போர்டிலேயே உரிம எண் பதிக்கப்பட்டு வருகிறது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து அதே பதிப்பை இலவசமாகத் தரவிறக்கி நிறுவினால், அது தன் உரிமத்தைத் தானே கண்டுகொள்ளும். எந்த ஆக்டிவேட்டரும் தேவையில்லை. அதாவது, விலை கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டு, அதற்குமேல் கூலியும் கொடுத்துத் திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டு வருகிறோம். உங்கள் கணினியில் இது நடந்திருக்கிறதா என்று அறிய, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் உரிமம் என்று இருந்தால் நல்லது. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால், அது அலுவலகத்தார் கொடுத்த கணினியாக இருக்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய வீட்டுக் கணினியில் அந்த வாசகத்துக்கு இடமில்லை. அத்துடன் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் சென்று, எக்ஸ்குளூஷன்ஸ் என்ற விலக்குப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

உண்மையிலேயே புதிதாக நிறுவ வேண்டிய நிலை வந்தால், செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதி இருக்கிறது. கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதுப்பிக்கவும் அதில் வழியுண்டு. கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுப்பதற்கு முன்பு, வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய மடிக்கணினிகள் பலவும் உரிமையாளர் கேட்காமலேயே வன்தட்டைக் குறியாக்கம் செய்துவிடுகின்றன. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பை யாராவது மாற்றினால், அடுத்த முறை கணினி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கும். அந்த எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் எவருக்கும் நினைவில்லையென்றால், உள்ளே இருப்பவை போனவைதான்.

திருட்டுப் பிரதியினால் வரும் இன்னொரு கேடு, அது எங்கே பிடிபட்டுவிடுமோ என்று அஞ்சி அப்டேட்டுகளையும் நிறுத்தி வைப்பது. அப்டேட் என்றாலே நெட் பேக்கைத் தின்னும் தொல்லை என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறார்கள். 2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற பிணைமீட்பு நிரல் உலகத்தைச் சுற்றியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. சுமார் இரண்டு மாதம் அதைப் போடாமல் இருந்த கணினிகளே பெருமளவில் அகப்பட்டன. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தவித்ததை எல்லோரும் படித்திருப்போம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்த, காட்பாடியைத் தாண்டினால் வந்துவிடுகிற சித்தூர் உள்ளிட்ட ஆந்திர மாவட்டங்களில் காவல்துறைக் கணினிகளும் அதில் முடங்கின. அப்டேட்டை நிறுத்த வேண்டாம். உலாவிக்கும் அது பொருந்தும். டிஃபெண்டரைத் தவிர வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில். இருப்பதை அணைக்காமல் வைத்திருந்தால் வீட்டுக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிடுவது கணினியைத் திணறடிக்கும்.

கணினி மெதுவாகிவிட்டது என்ற புகாருக்கு வைரஸ் காரணமாக இருப்பது நான் பார்த்தவரையில் அரிது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், டிஸ்க் என்ற பத்தியில் நூறு விழுக்காடு என்று சிவந்து நிற்கும். சுழலும் தட்டுடைய பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடியில் நூறு இடங்களுக்கு மேல் தேடி எடுக்கச் சிரமப்படும். இன்றைய விண்டோஸோ ஒரே நேரத்தில் பல நூறு சிறு கோப்புகளைக் கேட்கும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால், குப்பையில் போட எண்ணிய கணினியும் எழுந்து உட்காருகிறது. நான்கு ஜிபி ரேம் இருந்தால் அதை எட்டாக்குவதும் உதவும். ஃபார்மட்டுக்கும் ஆக்டிவேட்டருக்கும் ஆண்டுதோறும் கொடுத்துவந்த பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இதை எப்போதோ செய்திருக்கலாம். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் வேலை எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. அதற்கு வேண்டியதை விண்டோஸே செய்துகொள்கிறது. பழைய டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வரத் தொடங்கினால், வேறெதையும் முயலாமல் முதலில் கோப்புகளை நகலெடுக்க வேண்டும்.

இனி வெயில். ஆற்றில் நீரில்லை, கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை, மலையில் மரமில்லை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. கோட்டைக் கோயிலில் 1981-இல் ஜலகண்டேஸ்வரரை மீண்டும் எழுந்தருளச் செய்துவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மலை மட்டும் பெரும்பாலும் மொட்டைப் பாறையாகத்தான் நிற்கிறது. சித்திரை 21-க்குத் தொடங்கும் கத்திரியில் பகலெல்லாம் காய்ந்த பாறை, மாலையில் அந்த வெப்பத்தை ஊருக்குள் விடுகிறது என்பதை இங்கே மொட்டை மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விசிறியால் குளிரும் கணினியின் புராசசர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் இறங்க முடியாது. அறையின் சூட்டுக்கு மேல்தான் அதன் சூடு ஏறுகிறது. மார்கழியில் 70 டிகிரியில் ஓடிய அதே கணினி, அதே வேலையைச் செய்யும்போது, 40 டிகிரி அறையில் 85-ஐத் தாண்டுவது இயல்பு. நூறை நெருங்கும்போது புராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே போனால் அணைந்துவிடுகிறது. மே மாதப் பிற்பகலில் கணினி இழுத்துக்கொண்டு ஓடுவதும் திடீரென்று அணைவதும் பெரும்பாலும் இதனால்தான். இதற்கும் ஃபார்மட் போட்டவர்களை நான் அறிவேன். பகலில் ஃபார்மட் போட்டு, இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது நன்றாக ஓடியதால், அது பலித்ததாகவும் நம்பினார்கள்.

வெப்பத்தோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில், திறந்த சன்னலுக்கு அருகில் இருக்கும் கணினியில் புராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் ஓராண்டில் கம்பளி போலத் தூசி படிந்துவிடும். மின்னிணைப்பை முற்றிலும் பிடுங்கிவிட்டு, மாடியிலோ வாசலிலோ வைத்து, புளோயரால் ஊத வேண்டும். அப்போது விசிறி தாறுமாறாகச் சுழன்று கெட்டுப்போகாமல் இருக்க, அதன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கூடாது. ஊதியும் சூடு குறையவில்லையென்றால் புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதை மாற்றச் சொல்லுங்கள், அதற்காகக் கடைக்காரருக்குக் கொடுக்கும் கூலி நியாயமான கூலி. மடிக்கணினியை மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் அடியிலுள்ள காற்றுவழி அடைபடும். எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கும் மடிக்கணினியென்றால், நூறு விழுக்காடு நிரம்பிய நிலையில் சூட்டில் கிடப்பதுதான் அதன் பேட்டரிக்கு மிகக் கெடுதல். எண்பதோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பைப் பல நிறுவனங்கள் தந்திருக்கின்றன. அதைப் போட்டு வைக்கலாம்.

யுபிஎஸ் பேட்டரிக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. ஈய-அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆண்டுகள் நமக்கு வாய்க்காததற்குக் காரணம் அதுவே. வீட்டில் வைக்கும் சிறிய யுபிஎஸ், கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக அணைப்பதற்குரிய சில நிமிடங்களைத் தருவதற்காக மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், கரண்ட் போன பிறகும் உட்கார்ந்து படம் பார்த்து அதைக் காலி செய்ய மாட்டோம். போன கரண்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் துள்ளுவதுண்டு. ஆகவே மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லையென்றால், கரண்ட் போனவுடன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்று சொல்பவர்கள் இந்த ஊரில் நிறைய. அது எர்த் இல்லை என்பதற்கான அறிகுறி. கணினியின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டிக் கன்டென்சர்கள் சிறு கசிவு மின்னோட்டத்தை எர்த்துக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாதபோது அது உலோக உடலில் தங்கிவிடுகிறது. அளவில் சிறியதாயினும், யுஎஸ்பி வழியாகவும் பிரிண்டர் வழியாகவும் அது பாய்ந்து பாகங்களைக் கெடுக்கலாம். மூன்றுமுனை பிளக்கை இரண்டுமுனையாக்கும் அடாப்டரை முதலில் தூக்கி எறியுங்கள். எர்த் கம்பி இருந்தும் ஷாக் அடித்தால், கோடையில் எர்த் குழி வறண்டிருக்கலாம். மண் காய்ந்தால் மின்தடை கூடும். குழியில் சில குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, அப்படியும் தீராவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது.

வெளியிலிருந்து தொற்று வரும் வழியாக, எங்கள் பகுதியில் இன்றும் ஜெராக்ஸ் கடையின் பென் டிரைவ் முதலிடத்தில் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பம், கல்லூரிக்குச் சான்றிதழ், மருத்துவமனைக்கு வந்திருக்கும் வெளியூர் உறவினருக்கு ரயில் டிக்கெட் என்று நாளெல்லாம் ஊராரின் பென் டிரைவ்கள் ஒரே கணினியில் ஏறி இறங்குகின்றன. வீட்டுக்கு வந்து செருகினால், கோப்புகளுக்குப் பதிலாகச் சிறு அம்புக்குறியிட்ட ஷார்ட்கட்டுகள் தெரியும். அவற்றைச் சொடுக்குவதுதான் தவறு. அசல் கோப்புகள் எங்கும் போய்விடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றையும் காட்டும் அமைப்புகளை இயக்கினால் பெரும்பாலும் வெளிப்படும். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும் அமைப்பையும் அங்கேயே இயக்கிவிடுங்கள். விண்டோஸ் அதை இயல்பாக மறைத்து வைப்பதால்தான் பிடிஎஃப் போல வேடமிட்ட நிரல்கள் ஏமாற்றுகின்றன. ஜெராக்ஸ் கடைக்கென்று காலியான பென் டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்து, திரும்பி வந்ததும் அதை ஃபார்மட் செய்துவிடுவது என் வழக்கம். ஃபார்மட் என்ற சொல்லை நான் மனமுவந்து ஏற்கும் இடம் இது ஒன்றே. கடைக்காரரின் கணினியில் இறங்கிய ஆதார் நகலை, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து, உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கணினியைப் பயன்படுத்தினால், நிர்வாகிக் கணக்கைத் தனியே வைத்து, அன்றாடத்துக்குச் சாதாரணக் கணக்குகளை உருவாக்கிக் கொடுங்கள். நிரலை நிறுவும்போது கடவுச்சொல் கேட்கும் அந்த ஒரு தடை, விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க 'சீட்' நிரல் தேடும் பையனையும், திரை முழுவதும் சிவப்பாகி "உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று ஒலியெழுப்பும் பக்கத்தைக் கண்டு பதறும் பெரியவரையும் ஓரளவு காக்கும். அப்படிப்பட்ட பக்கம் வந்தால், எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு உலாவியை மூடினால் போதும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் கொடுப்பதில்லை. மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்ற போலிக் குறுஞ்செய்தி பரவியபோதும், அழைத்தவர்களிடம் கேட்கப்பட்டது எனிடெஸ்க் போல, திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் ஒரு செயலியை நிறுவும்படிதான். யார் கேட்டாலும் திரையைப் பகிரக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதமில்லாமல் அழைத்தால், அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. கடவுச்சொல்லைப் பற்றி நான் சொல்வது இரண்டுதான்: ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள், மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் இன்னும் 'அட்மின்' என்றே இருக்கும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

நகல் எடுத்து வைப்பதற்கு வருகிறேன். வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை நகலெடுத்துவிட்டு, உடனே கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். செருகியபடியே இருந்தால் பிணைமீட்பு நிரல் அதையும் சேர்த்தே பூட்டும். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2021-இல் பாலாற்றங்கரையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் கணினியும் நகலும் ஒரே அலமாரியில்தான் இருந்திருக்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனியொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள், கோப்பு பத்திரமாக இருந்தாலும், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகவே திறக்கும். ஃபார்மட்டில் எழுத்துரு போய்விட, ஆவணமே கெட்டுவிட்டதென்று அழித்தவர்களும் இருக்கிறார்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. எழுத்துருவுக்காகக் கண்ட தளங்களில் தேட வேண்டிய அவசியமும் அத்துடன் ஒழியும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்தைய புராசசரும் தேவை. ஏற்காத கணினியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று இப்போது கடைகளில் சொல்கிறார்கள். அவ்வாறு ஏற்றியதற்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. பழைய கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றையே நான் பரிந்துரைக்கிறேன். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்ததை அதை வாங்கிய மாணவர்கள் அறிவார்கள். பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள் என்பது வேறு. உலாவி, மின்னஞ்சல், ஒளிப்படம், கடிதம் என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி ஓட்ட வேண்டிய வீட்டுக்கு அது சரிவராது. நிறுவுவதற்கு முன்பு, வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்த்து, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, தமிழ்99 விசைப்பலகை அமைகிறதா என்று மூன்றையும் சோதித்துக்கொண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.